மாட்டின் மூத்திரப் பரீக்ஷையும் உடலின் அமில க்ஷார நிலையும்

மாட்டு மூத்திரம் நல்ல எரு என்பதை நம் நாட்டுக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாடு தின்னும் தீவனத்திலுள்ள பொட்டாசியச் சத்தில் பெரும்பாகமும், தழைச்சத்தில் ஒரு கணிசமான பாகமும் மூத்திரத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. ஆதலால் கொட்டிலின் தரையைச் செப்பனிட்டு, மூத்திரத்தை வீணாக்காமல் எருக்குழியிற் சேர்க்கவேண்டும் என்று இத்தகைய பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டு வந்திருக்கிறது. அம்மூத்திரத்திற்கு இன்னொரு பிரயோசனமும் உண்டு. மாட்டின் உடலுக்குள் அமிலம் மிகுந்திருக்கிறதா, க்ஷாரம் மிகுந்திருக்கிறதா, உப்புச் சத்துக்கள் குறைந்திருக்கின்றனவா என்பவற்றை அறிவதற்கு அது மிகவும் எளிய சாதனமாகும். இரத்தம் எடுப்பதற்கு வைத்தியர் வேண்டும்; மூத்திரம் பிடிப்பதற்கு ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியும் சிறிது பொறுமையும் போதும்.

இப்பரீக்ஷையினால் எவற்றை அறியலாம், எவற்றை அறிய முடியாது என்பதை ஒழுங்காக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். ஒரு கறவைப் பசு மாண்டால் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுபோகும் இக்காலத்தில் இவ்விஷயம் அற்பமானதன்று.

1. அமிலமும் க்ஷாரமும்

எலுமிச்சஞ்சாறு, புளித்த மோர் முதலியவை அமிலங்கள். சுண்ணாம்பு நீர், சாம்பல் நீர், சமையல் ஸோடா முதலியவை க்ஷாரங்கள். இவற்றின் வலுவை ஓர் எண்ணால் குறிக்கும் முறையைக் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ரசாயனசாலையில் ஸோரன்ஸன் என்பவர் 1909-ம் ஆண்டில் ஏற்படுத்தினார். அதுவே பி.எச். அளவு எனப்படும். 7 என்பது நடுநிலை. அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் க்ஷாரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தின் வலு பத்து மடங்கு ஏறிற்று என்று கொள்ளவேண்டும்.

மாட்டின் இரத்தம் எப்பொழுதும் ஏறக்குறைய 7.4 என்ற அளவில் நின்றாக வேண்டும். சிறிது விலகினாலும் நரம்பு, தசை, இருதயம் யாவும் தடுமாறும். இவ்வளவைக் காக்கும் காவலர் இருவர். நுரையீரல் கரியமில வாயுவை வெளிவிட்டுக் காக்கிறது. இது நிமிஷக் கணக்கில் நடப்பது. சிறுநீரகம் மிகுதியான அமிலத்தையோ க்ஷாரத்தையோ மூத்திரத்தில் தள்ளிக் காக்கிறது. இது மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நடப்பது. இரத்தத்தின் அளவு அசையாமல் நிற்க, அதற்காகச் சிறுநீரகம் பட்ட பாடு மூத்திரத்தில் தெரிகிறது. வாய்க்காலில் நீர்மட்டம் ஒரே நிலையில் இருந்தாலும், கலிங்கு வழியே எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்த்து வரத்து அதிகமா, குறைவா என்று நாம் அறிந்துகொள்வதைப் போன்றது இது.

2. ஆரோக்கியமான பசுவின் மூத்திரம்

புல்லும் வைக்கோலும் தின்று சுகமாயிருக்கும் பசுவின் மூத்திரம் க்ஷாரமானது, பி.எச். அளவு பொதுவாக 7.5 முதல் 8.5 வரை இருக்கும். காரணம் யாதெனில், பசுந்தழைகளில் பொட்டாசியம் பலவிதத் தாவர அமிலங்களுடன் சேர்ந்த உப்பாக இருக்கிறது. உடல் அந்தத் தாவர அமிலங்களை எரித்துவிட, பொட்டாசியம் மிஞ்சி, ஸோடா போன்ற க்ஷாரமாக நிற்கிறது. அம்மிகுதியைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. பால் மட்டும் குடிக்கும் இளங்கன்றின் மூத்திரம் அமிலமாக இருப்பதும் இதே காரணத்தினால்தான். அதற்குத் தழைத் தீவனம் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே கன்றின் அளவைக் கொண்டு பசுவையோ, பசுவின் அளவைக் கொண்டு கன்றையோ மதிப்பிடலாகாது.

மூத்திரத்திலுள்ள முக்கியமான உப்புச் சத்துக்கள் ஸோடியம், பொட்டாசியம், குளோரைடு என்பவை. இவற்றோடு, உடலில் அமிலம் மிகும்போது அதைச் சுமந்து செல்ல அமோனியம் என்ற உப்பும் உண்டாகிறது.

3. மூத்திரம் பிடிக்கும் விதம்

பசு காலையில் எழுந்தவுடன் மூத்திரம் விடுவது வழக்கம். அப்பொழுது பிடிக்கலாம். வேறு வேளையில் வேண்டுமானால், மடிக்கு மேலே, பெண்குறிக்குச் சற்றுக் கீழே உள்ள இடத்தைக் கையால் மெதுவாக மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தால் பெரும்பாலான பசுக்கள் சில நிமிஷங்களில் மூத்திரம் விடும். கவனிக்க வேண்டியவை வருமாறு:

(அ) முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும்.

(ஆ) குப்பி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும். சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல் ஒட்டியிருந்தால் பரீக்ஷை பொய்யாகும். சாணம் கலந்ததும் உதவாது.

(இ) பிடித்தவுடனே பார்க்கவேண்டும். வைத்திருந்தால் கரியமில வாயு வெளியேறுவதாலும், கிருமிகள் யூரியாவை அமோனியாவாக மாற்றுவதாலும் மூத்திரம் வரவர அதிக க்ஷாரமாகிவிடும். எருக்குழியருகில் மூக்கைத் துளைக்கும் வாடை இந்த அமோனியாவினுடையதே.

(ஈ) பி.எச். காகிதத்தில் 5 முதல் 9 வரை அளவு காட்டும் வகையை வாங்கவேண்டும். ஒரு துண்டை நனைத்து, பெட்டியின்மீதுள்ள வர்ண வரிசையுடன் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஈரக் கையால் காகிதத்தைத் தொடலாகாது.

(உ) பல நாள் பார்ப்பதானால், தீவனம் வைத்தபின் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும்; தீவனத்திற்கேற்ப அளவு மாறும்.

4. தானியம் மிகுந்து உண்டான அமில வியாதி

நம் கிராமங்களில் அதிகமாகக் காணப்படுவது இதுவே. களத்தில் குவித்த நெல்லையோ கேழ்வரகையோ கட்டவிழ்த்த மாடு வயிறு முட்டத் தின்றுவிடுகிறது. கலியாண வீட்டில் மிஞ்சிய சோறு, வீணாக வேண்டாம் என்று மாட்டுத் தொட்டியில் கொட்டப்படுகிறது. மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் பொங்கற் சோற்றைப் பானை பானையாக ஊட்டுவதும் உண்டு. ஒரு கவளம் கொடுப்பதில் குற்றமில்லை. பழக்கமில்லாத மாட்டுக்கு வயிறு நிறையக் கொடுப்பதே கெடுதி.

பசுவின் முதல் இரைப்பையாகிய பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலும் புல்லும் மெதுவாகச் செரிக்கும்போது அங்கே பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும். மாவுச்சத்து திடீரென்று மிகுந்தால், பாலைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் கிருமிகள் பெருகி, அளவு 5-க்கும் கீழே இறங்கிவிடும். நார்த்தீவனத்தைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடியும். உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். அமிலம் இரத்தத்தில் ஏறும்.

மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு கனத்துத் தளும்பும், புளித்த வாடையுடன் கழியும், கண் குழிவிழும், தள்ளாடிப் பின்பு படுத்துவிடும். அப்பொழுது மூத்திரத்தைப் பார்த்தால், 8 இருக்கவேண்டிய இடத்தில் 5-ஐ ஒட்டி அளவு நிற்கும். நோய் கடுமையானால் மூத்திரமே வராமல் நின்றுவிடுவதும் உண்டு. வைத்தியம் செய்தபின் மறுபடி தாராளமாக மூத்திரம் விடுமாயின் அது நல்ல அறிகுறி.

செய்யவேண்டியவை: தானியம், சோறு, தவிடு, புண்ணாக்கு யாவற்றையும் உடனே நிறுத்தி, வைக்கோல் மட்டும் வைக்கவேண்டும். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்று குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். அமிலத்தை முறிக்கும் ஸோடாவை எவ்வளவு, எவ்வழியாகக் கொடுப்பது என்பதை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். படுத்துவிட்ட மாட்டுக்கு மூங்கிற் குழாயால் எதையும் புகட்டலாகாது. அது நுரையீரலுக்குள் இறங்கி மாட்டைக் கொல்லும்.

5. அமில மூத்திரம், ஆனால் க்ஷார இரத்தம்

இப்பாடத்தில் முக்கியமான இடம் இதுவே. மூத்திரம் அமிலமாயிருந்தால் உடலிலும் அமிலமே மிகுந்திருக்கும் என்று முடிவு செய்து ஸோடாவைக் கரைத்து ஊற்றிவிடுவது சில வேளைகளில் மாட்டுக்கு யமனாக முடியும்.

கன்று போட்ட முதல் மாதத்திற்குள், நல்ல கறவையுள்ள கலப்பினப் பசுக்களில் சிலவற்றுக்கு நான்காம் இரைப்பை காற்றினால் உப்பித் தன் இடத்தைவிட்டு நகர்ந்து, பெரும்பாலும் இடப்புறத்தில் பெருவயிற்றுக்கும் விலாவுக்கும் நடுவில் ஏறிக்கொள்ளும். பசு அடர் தீவனத்தை வெறுத்து வைக்கோலைக் கொஞ்சம் கடிக்கும், பால் இறங்கும், சாணம் குறையும். மருத்துவர் விலாவில் தட்டிக் கேட்டால் உலோகத்தைத் தட்டினாற் போன்ற ஓசை கேட்கும்.

நான்காம் இரைப்பை நாள்தோறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. அது குடலில் இறங்கி மறுபடி இரத்தத்தில் சேருவது இயற்கை. இரைப்பை நகர்ந்து வழி தடைப்பட்டால் அமிலமும் குளோரைடும் வயிற்றிலேயே சிறைப்பட்டு, இரத்தத்தில் குளோரைடு குறைந்து க்ஷாரம் மிகும். தொடக்கத்தில் சிறுநீரகம் அந்த க்ஷாரத்தை வெளியே தள்ளும். மூத்திரமும் க்ஷாரமாகவே இருக்கும். நாள் செல்லச் செல்ல நீரும் உப்பும் வற்றும். அப்பொழுது ஸோடியத்தை இழக்கலாகாது என்று சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முயலும். சாதாரணமாக ஸோடியம் குளோரைடுடன் சேர்ந்து இரத்தத்திற்குத் திரும்பும். குளோரைடு இல்லாமையாலும், தீவனம் தின்னாமல் பொட்டாசியமும் குறைந்துவிட்டமையாலும், ஸோடியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அதற்கு ஈடாக அமிலத்தை வெளியே விடுகிறது. இரத்தத்தில் க்ஷாரம் தலைக்கு மேல் ஏறியிருக்க, மூத்திரம் மட்டும் அமிலமாகும் விபரீதம் இப்படி நேருகிறது.

இந்நிலையில் ஸோடாவைப் புகட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். இப்பசுவுக்கு வேண்டியவை குளோரைடும் பொட்டாசியமும் நீருமே. இரைப்பையை மருத்துவர் அதன் இடத்தில் நிறுத்தவும் வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய முதற் சாக்ஷி மாட்டின் சரித்திரம்: தானியம் தின்றதா, கன்று போட்டு எத்தனை நாளாயிற்று என்பது. அடுத்த சாக்ஷி மூத்திரத்திலுள்ள குளோரைடு.

6. குளோரைடு பரீக்ஷை

சிகாகோ நகரத்து வைத்தியர் பெர்னார்டு பான்டஸ் என்பவர் 1936-ம் ஆண்டில் மனிதருக்காக ஓர் எளிய முறையை வெளியிட்டார். ஒரு பரீக்ஷைக் குழாயில் 10 துளி மூத்திரத்தை விட்டு, 20 சதவீத பொட்டாசியம் குரோமேட் கரைசலில் 1 துளி சேர்க்கவேண்டும். நிறம் மஞ்சளாகும். பிறகு 2.9 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கவேண்டும். குளோரைடு இருக்கும்வரை வெள்ளி அதனுடன் சேர்ந்து வெண்மையாகப் படியும். குளோரைடு தீர்ந்தவுடன் குரோமேட்டுடன் சேர்ந்து செங்காவி நிறம் நிலைத்து நிற்கும். எத்தனை துளி வெள்ளி நைட்ரேட் செலவாயிற்றோ, லிட்டருக்கு அத்தனை கிராம் உப்பு மூத்திரத்தில் உண்டு என்று கணக்கு. துளிகள் யாவும் ஒரே குழாயால் விடப்படவேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுத்த ஜலத்தால் அலசவேண்டும்.

முதல் துளியிலேயே செங்காவி நிறம் வந்துவிட்டால் மூத்திரத்தில் குளோரைடு அநேகமாக இல்லை என்பது விளங்கும். பால் குறைந்து, அமில மூத்திரம் விடும் ஈன்ற பசுவில் இவ்விதம் கண்டால் நான்காம் இரைப்பையைச் சந்தேகிக்கவேண்டும். ஆனால் நெடுநாள் உப்பே கொடுக்காத மாட்டிலும், நீர் வற்றிய மாட்டிலும் குளோரைடு குறையலாம். ஆகையால் இது சந்தேகத்தை வலுப்படுத்துமேயன்றி முடிவான தீர்ப்பாகாது. குரோமேட் விஷப்பொருள், வெள்ளி நைட்ரேட் தோலைக் கறுக்கச் செய்யும். வீட்டில் இதைச் செய்யவேண்டாம். மருந்தகத்தில் செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

மனித வைத்தியத்திலும் இதே நியாயம் வழங்குகிறது. ஓயாத வாந்தியினால் குளோரைடு இழந்தவரின் மூத்திரத்தில் குளோரைடு மிகவும் குறைந்திருக்கும். மூத்திரத்தின் ஸோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்தால், கணக்கிலே தென்படாத அமோனியத்தின் அளவை ஊகிக்கலாம் என்பது 1988-ம் ஆண்டில் விளக்கப்பட்டது. கழித்து வந்த எண் பூஜ்யத்திற்குக் கீழானால், சிறுநீரகம் அமோனியத்தின் மூலம் அமிலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தீவனத்திற்கேற்ப உப்புக்கள் மிகவும் மாறுவதால் மனிதருக்கான எண்களை மாட்டுக்கு அப்படியே பொருத்தலாகாது.

7. பால்காய்ச்சலும் தீவனக் கணக்கும்

பால்காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் அதில் காய்ச்சல் இல்லை. ஈன்ற மூன்று நாட்களுக்குள் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி, பசு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக்கொள்ளும். காது சில்லிட்டுப் போகும். நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர், அமிலமிட்டுப் பதப்படுத்திய தீவனம் தின்ற பசுக்களுக்கு இந்நோய் குறைவு எனக் கண்டு, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் காரணத்தை வெளியிட்டனர். உடல் சிறிது அமிலப்பக்கம் சாய்ந்திருந்தால், எலும்பிலுள்ள சுண்ணாம்பை இரத்தத்திற்குக் கொணரும் சுரப்பிநீர் நன்றாக வேலை செய்யும். மிகுந்த க்ஷாரத்தில் அது மந்தமாகும்.

எனவே தீவனத்திலுள்ள ஸோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடையும் கந்தகத்தையும் கழித்துப் பார்ப்பது வழக்கம். எடையை அப்படியே கூட்டலாகாது, ஒவ்வொன்றையும் அதனதன் சமான எடையால் (ஸோடியம் 23, பொட்டாசியம் 39, குளோரைடு 35.5, கந்தகம் 16) வகுத்துக்கொள்ளவேண்டும். உதாரணமாக, 100 கிராம் உலர்ந்த தீவனத்தில் ஸோடியம் 0.1, பொட்டாசியம் 1.5, குளோரைடு 0.5, கந்தகம் 0.2 கிராம் இருப்பதாகக் கொள்வோம். இவை முறையே 4.3, 38.5, 14.1, 12.5 மில்லி சமானங்கள். முன் இரண்டின் கூட்டுத்தொகை 42.8, பின் இரண்டின் தொகை 26.6, மிச்சம் 16.2. பொட்டாசியம் மட்டும் 3 கிராமாக ஏறினால் மிச்சம் 54.6 ஆகிவிடும். பொட்டாசியம் ஒன்றே கணக்கை எவ்வளவு புரட்டிவிடுகிறது என்பதைக் காண்க.

இது குடியானவர்களின் கையிலுள்ள விஷயம். சாணக் குழம்பும் மாட்டு மூத்திரமும் ஓயாது பாயும் வயலில் வளர்ந்த கம்பு நேப்பியர் புல் தனக்கு வேண்டியதற்கு மேலாகவும் பொட்டாசியத்தை உறிஞ்சி வைக்கும். அப்புல்லைக் கறவை மாட்டுக்குத் தாராளமாகப் போடலாம். ஈனுவதற்கு மூன்று வாரம் உள்ள சினைப்பசுவுக்குக் குறைக்கவேண்டும்.

சில பண்ணைகளில் அம்மூன்று வாரமும் அம்மோனியம் குளோரைடு, மக்னீசியம் ஸல்பேட் முதலிய உப்புக்களை மருத்துவர் யோசனைப்படி கொடுப்பதுண்டு. அவை போதுமா என்று சொல்வது மூத்திரமே. கொடுக்கத் தொடங்கிய சில நாட்களில் அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இறங்கவேண்டும். 8-லேயே நின்றால் உப்புப் போதவில்லை. அல்லது மாடு தின்னவில்லை. 5.5-க்கும் கீழே போனால் அளவு மிஞ்சிவிட்டது, உடனே குறைக்கவேண்டும். கன்று ஈன்றவுடன் இவ்வுப்புக்களை நிறுத்திவிடவேண்டும்.

8. வேறு சில குறிப்புக்கள்

ஈன்ற இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை, பாலுக்கு வேண்டிய சக்தி தீவனத்தில் கிடைக்காமல் பசு தன் கொழுப்பையே எரித்தால் கீட்டோன் என்னும் பொருள்கள் மிகும். இதற்கு ரோதெரா பரீக்ஷை உண்டு. மூத்திரத்தில் அம்மோனியம் ஸல்பேட்டைக் கரையும் மட்டும் கரைத்து, ஸோடியம் நைட்ரோபுருஸைடு சிறிது சேர்த்து, அமோனியா நீரைக் குழாயின் ஓரமாக விட்டால் கத்தரிப்பூ நிற வளையம் தோன்றும். நான்காம் இரைப்பை நகர்ந்த பசுவுக்கும் கீட்டோன் காணலாம் என்பதை மறக்கலாகாது.

மாடு மண்ணை நக்குவதும், பிற மாட்டின் மூத்திரத்தைக் குடிக்க முயல்வதும் உப்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். உப்புக் குறைந்தால் சிறுநீரகம் ஸோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் மூத்திரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். 100 கிலோ அடர் தீவனத்தில் 1 கிலோ சாதாரண உப்பும் 2 கிலோ தாது உப்புக் கலவையும் சேர்த்துவந்தால் இக்குறை நேராது.

எந்தக் காரணத்தினாலும் இரண்டொரு நாள் தீவனம் தின்னாத மாட்டின் மூத்திரமும் அமிலமாகும். ஆகவே காகிதத்தை மட்டும் பார்த்து வியாதிக்குப் பெயர் வைக்கலாகாது.

9. சாராம்சம்

க்ஷார மூத்திரம், நல்ல தீனி, நல்ல பால்: சுகநிலை.

அமில மூத்திரம், தானியமோ சோறோ மிகுதியாகத் தின்ற சரித்திரம், கழிச்சல்: பெருவயிற்றின் அமில வியாதி. தானியத்தை நிறுத்துக, மருத்துவரை அழைக்க.

அமில மூத்திரம், ஈன்று ஒரு மாதத்திற்குள், அடர் தீவன வெறுப்பு, குளோரைடு இன்மை: நான்காம் இரைப்பை நகர்வு என்று சந்தேகம். ஸோடா கொடுக்கலாகாது.

அமில மூத்திரம், கத்தரிப்பூ நிற வளையம்: கீட்டோன் மிகுதி. இரைப்பையையும் பரிசோதிக்கச் செய்க.

சினைப்பசுவுக்கு உப்புக் கொடுக்கையில் 6 முதல் 7 வரை: நோக்கம் நிறைவேறிற்று.

பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளும் கிராம அதிகாரிகளும் சங்கக் கட்டிடத்தில் ஒரு பெட்டி பி.எச். காகிதமும், மாட்டின் அடையாளம், ஈன்ற தேதி, மூத்திர அளவு என்பவற்றைக் குறிக்க ஒரு புத்தகமும் வைத்திருப்பார்களானால் சிறு செலவில் பெரு நன்மை உண்டாகும். முக்கியமாக அறுவடைக் காலத்திலும் தை மாதத்திலும் இதைக் கையருகே வைத்திருப்பது அவசியம். மருத்துவர் வந்ததும் அப்புத்தகத்தைக் காட்டினால், அவர் பாதி வழியை நடந்து வந்ததற்கு ஒப்பாகும். குடியானவர்கள் இம்முறையைக் கையாண்டு தங்கள் கால்நடைச் செல்வத்தைக் காத்துக்கொள்வார்களாக.